எண்ணூர்க் காற்றும் 864 அணுக்களும்: யார் இந்த அனீசுர் ரஹ்மான்?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைத் துளைக்கும் நெடி தாங்காமல் எழுந்தார்கள். கண் எரிந்தது, மூச்சு திணறியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கப்பலில் வரும் அம்மோனியாவை உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் குழாய், கடலுக்கடியில் கசிந்ததுதான் காரணம்.

வடசென்னைக்காரர்களுக்கு வாயு என்பது வேதியியல் பாடப்புத்தகச் சொல் மட்டும் இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், ராயபுரம் பக்கம் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை என எல்லாமே மூக்குக்குத் தெரிந்த சங்கதிகள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையமும் வந்துவிட்டது.

இந்த வாயுக்களை வெளியே விடாமல் பிடித்துவைக்க முடியுமா? முடியும் என்று சொல்லும் பொருட்களுக்குத்தான் 2025-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி ஆகிய மூவரும் உருவாக்கியவை உலோக-கரிமக் கூண்டுகள். கண்ணுக்குத் தெரியாத நானோ அளவுக் கூண்டுகள் இவை.

எந்தக் கூண்டில் எந்த வாயு தங்கும் என்பதை இன்று முதலில் கணக்கிட்டுச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள் அணுக்களை நடமாட விட்டுப் பார்க்கும் வித்தையைத் திரவங்களுக்குச் செய்துகாட்டிய முன்னோடி, ஹைதராபாத்தில் பிறந்த ஓர் இந்தியர். பெயர் அனீசுர் ரஹ்மான். இயற்பியல் உலகம் அவர் பெயரில் விருதே கொடுக்கிறது. நம்மூரில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

கூண்டில் காற்று எப்படி நிற்கும்?

புது ஷூ வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அது சிலிக்கா ஜெல். காற்றின் ஈரத்தை அது தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். வீட்டு வாட்டர் ஃபில்டரில் உள்ள கார்பனும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். பரப்புக் கவர்தல் வேறு. சுவரில் பல்லி ஒட்டியிருப்பதுபோல, மூலக்கூறு பரப்பின் மேல் ஒட்டி நிற்பது.

கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்காக ஊரே அலைந்தது நினைவிருக்கும். அந்த இயந்திரத்தின் உயிர் ஜியோலைட் என்ற பொருள். அதற்குள் நானோ அளவு அறைகள் உண்டு. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் நைட்ரஜன் அந்த அறைகளில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவதில் பெரும்பகுதி ஆக்சிஜன். அழுத்தத்தைக் குறைத்தால் நைட்ரஜன் விடுபட்டு வெளியேறும். திரும்பத் திரும்ப இதைச் செய்வதுதான் அந்த இயந்திரத்தின் முழு வேலையும்.

ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். நானோ கூண்டுகளின் பலமே அதுதான். சில உலோக-கரிமக் கூண்டுகளில் ஒரு கிராம் தூளுக்குள் 7,000 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு ஒளிந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானம்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. உலோகத்தை மாற்றலாம், இணைக்கும் கரிமக் கம்பியை மாற்றலாம், வடிவத்தை மாற்றலாம். சாத்தியமான கூண்டுகள் லட்சக்கணக்கில் போகும். ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் செய்து பார்க்க ஓர் ஆயுள் போதாது. அதனால் முதல் சலிப்பைக் கம்ப்யூட்டரிடம் விடுகிறார்கள். 2012-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 1,37,953 கற்பனைக் கூண்டுகளைக் கம்ப்யூட்டரிலேயே கட்டி, மீத்தேனைச் சேமிக்கத் தகுதியானவற்றைச் சலித்தெடுத்தது.

இந்தக் கணக்குகளின் வேர் தேடிப் போனால் 1960-களுக்குப் போக வேண்டும்.

ஹைதராபாத்திலிருந்து சிகாகோ பக்கம்

1927 ஆகஸ்ட் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார் ரஹ்மான். அப்போது அது நிஜாம் ஆட்சியில் இருந்த நகரம். மேல்படிப்புக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கணிதமும் இயற்பியலும் படித்தார். அடுத்து பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகம். 1953-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார்.

லூவேனில் மருத்துவம் படித்தவர் சீனாவைச் சேர்ந்த யூ-எர் லீ. இருவரும் மணம் செய்துகொண்டார்கள். பின்னாளில் யூ-எர் ரஹ்மானும் தன் துறையில் பெயர் வாங்கினார். லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் மருந்தை அடைத்து, உடலுக்குள் தங்கிவிட்ட புளூட்டோனியத்தை வெளியேற்றும் ஆய்வை 1970-களில் செய்தவர் அவர். மனைவி பைக்குள் மருந்தை அடைக்க, கணவர் பெட்டிக்குள் அணுக்களை அடைத்தார் என்று சொன்னால் தப்பில்லை.

பட்டம் பெற்றதும் ரஹ்மான் இந்தியா திரும்பினார். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1960-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். சிகாகோவுக்கு அருகே உள்ள இந்த ஆய்வகம் அணு உலை ஆராய்ச்சிக்குப் பேர்போனது. வாழ்நாளின் அடுத்த 25 ஆண்டுகள் அங்கேதான்.

அந்தக் காலத்தில் ஆர்கானில் சூடான விஷயம் நியூட்ரான் சிதறல். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை ஒரு திரவத்தின் மேல் பாய்ச்சுவார்கள். அவை எப்படித் தெறிக்கின்றன என்று பார்த்து, உள்ளே அணுக்கள் எப்படி அசைகின்றன என்று ஊகிப்பார்கள். ரஹ்மானும் அதே ஆய்வகத்தில் இருந்த இன்னோர் இந்திய இயற்பியலாளர் கே.எஸ். சிங்வியும், ஸ்வீடனின் சோலாண்டரும் சேர்ந்து இதற்கான கோட்பாட்டு ஆய்வை 1962-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் திரவம் என்பது கோட்பாட்டுக்காரர்களுக்குத் தலைவலி. வாயுவில் அணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், கணக்கு எளிது. திடப்பொருளில் வரிசையாக நிற்கும், அதுவும் எளிது. திரவத்தில் அணுக்கள் நெருக்கமாகவும் இருக்கும், வரிசையும் இருக்காது. காகிதத்தில் சமன்பாடு எழுதித் தீர்க்க வழியில்லை. ரஹ்மான் வேறு பாதையை எடுத்தார். ஒவ்வோர் அணுவின் ஓட்டத்தையும் கம்ப்யூட்டரில் நேரடியாகப் பின்தொடர்ந்தால் என்ன?

864 அணுக்கள், ஒரு பெட்டி

கம்ப்யூட்டரில் துகள்களை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. 1957-ல் ஆல்டரும் வெயின்ரைட்டும் அப்படிச் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய துகள்கள் கேரம் காய்கள் மாதிரி. மோதினால் தெறிக்கும், அவ்வளவுதான், ஒன்றையொன்று ஈர்க்காது. நிஜ அணுக்கள் அப்படியில்லை.

நிஜ அணுவின் குணத்தைச் சொல்ல ரஹ்மான் எடுத்துக்கொண்டது லெனார்ட்-ஜோன்ஸ் சூத்திரம். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் லெனார்ட்-ஜோன்ஸ் 1924-ல் தொடங்கிவைத்தது இது. ஜான் ஜோன்ஸாகப் பிறந்தவர், 1925-ல் கேத்லீன் லெனார்டைத் திருமணம் செய்ததும் மனைவி வீட்டுப் பெயரையும் சேர்த்துக்கொண்டார் என்பது உபரித் தகவல். சூத்திரம் சொல்வது இதைத்தான்: இரண்டு அணுக்கள் கொஞ்சம் தள்ளி இருந்தால் மெல்ல ஈர்க்கும். ரொம்ப நெருங்கினால் பலமாகத் தள்ளும். நடுவில் ஓர் இதமான தூரம் உண்டு.

ரஹ்மான் தேர்ந்தெடுத்த பொருள் ஆர்கான். யாருடனும் வினைபுரியாத மந்த வாயு. ஆய்வகத்தின் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வெறும் ஒலி ஒற்றுமைதான். மைனஸ் 179 டிகிரி செல்சியஸில், அதாவது 94.4 கெல்வினில், திரவமாக இருக்கும் ஆர்கானின் 864 அணுக்களை ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 3.5 நானோமீட்டர்தான்.

இவ்வளவு சின்னப் பெட்டியில் பெரும்பாலான அணுக்கள் சுவரோரம்தானே இருக்கும்? அதற்கும் வழி உண்டு. பழைய நோக்கியா போனின் பாம்பு விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? வலப்பக்கம் வெளியே போன பாம்பு இடப்பக்கம் வரும். அதேபோல ஒரு பக்கம் வெளியேறும் அணு எதிர்ப்பக்கம் நுழையும்படி செய்தால் சுவரே இல்லாத பெட்டி கிடைத்துவிடும்.

பிறகு நியூட்டனின் விதி. ஒவ்வோர் அணுவையும் மற்றவை எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்கிட வேண்டும். 864 அணுக்களில் மொத்தம் 3,72,816 ஜோடிகள். வெகுதூர ஜோடிகளை விட்டுவிடலாம் என்றாலும் மிச்சம் நிறைய. கணக்கிட்டதும் எல்லா அணுக்களையும் ஒரு சின்ன அடி நகர்த்த வேண்டும். மறுபடி முதலிலிருந்து கணக்கு.

அந்தச் சின்ன அடி எவ்வளவு நேரம்? ஒரு நொடியைக் கோடித் துண்டுகளாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடியாக்கினால் கிடைக்கும் துண்டு.

இதைச் செய்தது சிடிசி 3600 என்ற கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் அது பெரிய இயந்திரம். இன்று நம் கையில் இருக்கும் போன் அதைவிடப் பல மடங்கு வேகம்.

1964-ல் முடிவுகள் ஃபிசிக்கல் ரிவியூ இதழில் வந்தன. அணுக்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பது சோதனையோடு நன்றாகப் பொருந்தியது. அணுக்கள் திரவத்துக்குள் பரவும் வேகமும் பரிசோதிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் சொன்ன எண், சோதனை எண்ணைவிட 15 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே, எல்லோரும் முதலில் படிக்கும் இடத்தில் எழுதிவைத்தார் ரஹ்மான்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. பீக் அவரில் பாரிமுனை பஸ்ஸில் நிற்பவர் ஓர் அடி முன்னே போனால், எதிரே நிற்பவர் மேல் இடித்துப் பின்னுக்கு வருவார். கொஞ்ச நேரம் இப்படி ஆடிய பிறகுதான் இடைவெளி கிடைத்து நகர்வார். திரவ ஆர்கானிலும் அதே கதை. ஒவ்வோர் அணுவும் அக்கம்பக்கத்து அணுக்களாலான ஒரு தற்காலிகக் கூண்டில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. நியூட்ரான் சோதனையால் மறைமுகமாக மட்டுமே ஊகிக்க முடிந்த இந்த ஆட்டத்தை, ஓர் அணுவைப் பின்தொடர்ந்து பார்க்க முடிந்தது.

இந்த முறைதான் மூலக்கூறு இயக்கவியல், அதாவது மாலிக்யூலர் டைனமிக்ஸ் என்று இன்று உலகெங்கும் வழங்குகிறது. மருந்து கண்டுபிடிப்பிலிருந்து பேட்டரி வரை இதைப் பயன்படுத்தாத துறை குறைவு.

34.3 டிகிரியில் தண்ணீர்

ஆர்கான் எளிமையானது, உருண்டை வடிவம், வம்புதும்புக்குப் போகாத குணம். அடுத்து ரஹ்மான் கைவைத்தது தண்ணீரில். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் ஸ்டில்லிங்கர் உடன் சேர்ந்தார்.

தண்ணீர் மூலக்கூறு ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் கொண்டது. பக்கத்து மூலக்கூறைக் கைகோத்துப் பிடிக்கும்; ஒரு நொடிக்குள் எத்தனையோ கோடி முறை கையை விட்டு வேறொன்றைப் பிடிக்கும். 1971-ல் இருவரும் 216 தண்ணீர் மூலக்கூறுகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கற்பனைத் தண்ணீரின் வெப்பநிலை 34.3 டிகிரி செல்சியஸ். சென்னையில் ஒரு சாதாரணப் பகல் வெப்பம்.

ஆர்கானோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். உயிருள்ள எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரைக் கணக்கிட முடிந்தால் புரதத்தையும் செல்லையும் கணக்கிடும் பாதை திறக்கும். திறந்தது. இன்று புரதங்களை உருவகப்படுத்தும் எந்தக் கணக்கிலும் சுற்றிலும் ஆயிரக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் மிதக்கின்றன.

1977-ல் அமெரிக்க இயற்பியல் சங்கம் ரஹ்மானுக்கு இர்விங் லாங்மியூர் பரிசை வழங்கியது. லாங்மியூர் யார் தெரியுமா? வாயு மூலக்கூறுகள் ஒரு பரப்பில் எப்படி ஒட்டுகின்றன என்பதற்கு 1910-களில் அடிப்படைச் சமன்பாட்டைத் தந்தவர். பிளஸ் டூ வேதியியலில் வரும் அதே லாங்மியூர். பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் பெற்றவர்.

வடிவம் மாறும் பெட்டி

1980 வாக்கில் இத்தாலிய இயற்பியலாளர் மிக்கேலே பாரினெல்லோ ஆர்கானில் ரஹ்மானோடு வேலை செய்தார். அவர்களை ஒரு கேள்வி குடைந்தது. அதுவரை கணக்குகளில் பெட்டியின் வடிவம் மாறாது. கனசதுரம் என்றால் கடைசிவரை கனசதுரம். ஆனால் நிஜப் படிகத்தை அழுத்தினால் அது நசுங்கும், சாயும், சில சமயம் வேறு படிகமாகவே மாறிவிடும். மாறாத பெட்டிக்குள் இது எப்படித் தெரியும்?

பெட்டியின் பக்கங்களையும் கோணங்களையும் அணுக்களோடு சேர்த்தே நகரவிட்டார்கள். உள்ளே அணுக்கள் நெருக்கினால் பெட்டி விரியும். வெளியே அழுத்தினால் சுருங்கும், கோணலாகும். 1980-லும் 1981-லும் வெளியான கட்டுரைகளில் இந்த முறை விளக்கப்பட்டது. இன்றும் குரோமாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தேர்வுகளில் ஒன்றின் பெயரே பாரினெல்லோ-ரஹ்மான். ஆராய்ச்சி மாணவர்கள் தினமும் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள். அதில் ஒரு பாதி ஹைதராபாத்காரர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1985-ல் ரஹ்மான் ஆர்கானை விட்டு மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே சூப்பர் கம்ப்யூட்டர் வசதி இருந்தது. ஆனால் காலம் நீளவில்லை. 1987 ஜூன் 6 அன்று காலமானார். வயது 59.

அமெரிக்க இயற்பியல் சங்கம் அவர் பெயரில் கணினி இயற்பியலுக்கான விருதை ஏற்படுத்தியது. 1993-லிருந்து வழங்கப்படும் அனீசுர் ரஹ்மான் பரிசை முதலில் பெற்றவர், ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த கென்னத் வில்சன். 1995-ல் அது ராபர்டோ காருக்கும், ரஹ்மானின் பழைய கூட்டாளி பாரினெல்லோவுக்கும் போனது.

சரி, கூண்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாகச் சொன்னால், ரஹ்மான் உலோக-கரிமக் கூண்டுகளைப் பார்த்ததே இல்லை. ராப்சனின் தொடக்கக் கட்டுரை வந்தது 1989-ல். ரஹ்மான் இறந்து 2 ஆண்டுகள் கழித்து. ஆனாலும் அவருடைய மூன்று முக்கிய வேலைகளும் கூண்டுக் கணக்கின் மூன்று கேள்விகளுக்கு அப்படியே பொருந்துகின்றன.

முதல் கேள்வி: வாயு கூண்டுக்குள் ஒட்டுமா, நகருமா? கூண்டின் சுவரும் வாயு மூலக்கூறும் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன என்பதைக் கணக்கிட இன்றும் பெரும்பாலும் லெனார்ட்-ஜோன்ஸ் சூத்திரம்தான். எவ்வளவு வாயு நிரம்பும் என்பதற்கு மான்டே கார்லோ என்ற சகோதர முறையைப் பயன்படுத்துவார்கள். அதில் பகடை உருட்டுவதுபோல மூலக்கூறுகளை நுழைத்தும் எடுத்தும் பார்ப்பார்கள். நிரம்பிய வாயு எவ்வளவு வேகமாக உள்ளே பரவும் என்பதற்கு ரஹ்மானின் வழி. 1964-ல் ஆர்கானுக்குப் பார்த்த அதே பரவல் எண்ணை இப்போது கூண்டுக்குள் பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் கூண்டின் பரப்பை அளக்கவும் ஆர்கான் வாயுவே பயன்படுகிறது என்பது சுவையான தற்செயல்.

இரண்டாவது கேள்வி: ஈரக்காற்றில் என்ன ஆகும்? இதுதான் கடலோர ஊருக்கு முக்கியம். உலர்ந்த வாயுவை அருமையாகப் பிடிக்கும் கூண்டு, ஈரக்காற்றில் தோற்றுப்போகலாம். காரணம், தண்ணீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும். வண்டியில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல. அனல்மின் நிலையப் புகையிலும் ஈரம் உண்டு. எண்ணூர்க் காற்றிலும் உண்டு. எனவே தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அதற்கான வழியைத் தொடங்கிவைத்தது அந்த 216 மூலக்கூறுகள். ஈரத்திலும் கரியமில வாயுவைப் பிடிக்கும் கூண்டுகள் இப்போது வந்திருக்கின்றன. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 அதில் பெயர்பெற்ற ஒன்று.

மூன்றாவது கேள்வி: வாயு நிரம்பினால் கூண்டு அப்படியே நிற்குமா? கிடகாவா அழுத்திச் சொன்னது, சில கூண்டுகள் மூச்சு விடுவதுபோல விரியும், சுருங்கும் என்பது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்வரை மூடிக்கிடந்து, பிறகு சட்டென்று திறக்கும் கூண்டுகளும் உண்டு. மாறாத பெட்டியில் இதைக் கணக்கிடவே முடியாது. பாரினெல்லோ-ரஹ்மான் முறை தேவைப்படுவது இங்கேதான்.

கணக்கு எங்கே நிற்கும்?

இதெல்லாம் கேட்கும்போது, நல்ல கூண்டு ஒன்றைக் கண்டுபிடித்து எண்ணூரில் வைத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். அவ்வளவு எளிதில்லை.

அம்மோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் ஹாங்காங்கில் உருவான ஒரு தாமிரக் கூண்டு அம்மோனியாவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா அந்தக் கூண்டையே சிதைத்துவிடும். வழக்கமான லெனார்ட்-ஜோன்ஸ் கணக்கில் இந்தச் சிதைவு தெரியாது. அதில் அணுக்கள் ஈர்க்கும், தள்ளும், வேதிப்பிணைப்பு உடையாது. உடைவதைப் பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரான்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு பல மடங்கு. அந்த வழியைக் கண்டவர்களில் ஒருவரும் பாரினெல்லோதான். 1985-ல் காரும் அவரும் உருவாக்கிய முறைக்குத்தான் 1995-ன் ரஹ்மான் பரிசு.

அதனால்தான் கம்ப்யூட்டர் லட்சம் கூண்டுகளில் நூறைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசியில் ஆய்வகத்தில் செய்து, ஈரக்காற்றில் வைத்து, திரும்பத் திரும்ப நிரப்பிக் காலிசெய்து பார்த்தாக வேண்டும். 15 சதவீத வித்தியாசத்தை மறைக்காமல் எழுதிய 1964 கட்டுரை இன்றும் முன்மாதிரியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கே பொருந்தவில்லை என்று சொன்னால்தான், அடுத்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு வரம்பும் உண்டு. கூண்டுப் பொருட்கள் முகக்கவசத்தில், வாயு உணரியில், புகைபோக்கியின் வடிகட்டியில், எரிவாயுத் தொட்டியில் உதவக்கூடும். குறிப்பாக எரிவாயுச் சேமிப்பில் ஆர்வம் அதிகம். இயற்கை எரிவாயுவைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். கூண்டில் ஒட்டவைத்தால் அவ்வளவு குளிரும் வேண்டாம், மிக அதிக அழுத்தமும் வேண்டாம். ஆனால் கடலுக்கடியில் குழாய் உடைந்து பெருமளவில் வாயு வெளியேறும்போது எந்தக் கூண்டும் காப்பாற்றாது. அங்கே வேண்டியது ஒழுங்கான பராமரிப்பு, கசிவைக் கண்டதும் மூடும் வால்வு, நள்ளிரவிலும் ஊரை எழுப்பும் எச்சரிக்கை. அது அணுக்களின் கணக்கு இல்லை, மனிதர்களின் பொறுப்பு.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு

ரஹ்மானின் 864 அணுக்களுக்கு அன்று ஒரு தேசிய ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இன்று அதே கணக்கை ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓட்டலாம். குரோமாக்ஸ், லாம்ப்ஸ் போன்ற மென்பொருட்கள் இலவசம். திரவ ஆர்கான் இன்றும் இந்தத் துறையில் நுழையும் மாணவர்களின் முதல் பயிற்சிகளில் ஒன்று. இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு ஐடி வேலையில் இருப்பவர்களுக்குப் பைத்தானில் ஒரு வாரயிறுதி வேலை.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் வளரும் பிள்ளைகளுக்கு வாயு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன, எதில் ஒட்டுகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் இப்போது தடையில்லை. பெட்டிக்குள் 864 அணுக்கள், நியூட்டனின் விதி, கொஞ்சம் பொறுமை. ரஹ்மான் தொடங்கியதும் அங்கிருந்துதான்.